தேக்கா பஸ்ஸுக்கு ஐந்துக்கு மூன்று

தேக்காவில் இருக்கிற பிரியாணிக் கடைகளுக்கு இணையத்தில் மதிப்பீடுகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்தக் கடையில் கறி வேகவில்லை, எந்தக் கடையில் ரசத்துக்குத் தனிக்காசு என்பதுவரை எழுதிவிட்டார்கள். அந்தப் பிரியாணியைச் சாப்பிட நாங்கள் எதில் வருகிறோம், சாப்பிட்டுவிட்டு எதில் திரும்புகிறோம் என்று ஒருவரும் எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் தங்குகிற டார்மிட்டரிகளுக்கும் தேக்காவுக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ்ஸுக்குத்தான் இந்த மதிப்பீடு.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேக்கா என்றால் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆனால் எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் பட்டுக்கோட்டைப் பக்கம். 2011இல் வந்தேன். கப்பல் பட்டறையில் பைப் வேலை. டார்மிட்டரி துவாஸில், அதாவது தீவின் மேற்கு முனையில். பஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இத்தனை வருடத்தில் பஸ்ஸின் நிறம் மாறிவிட்டது, டிரைவர்கள் மாறிவிட்டார்கள், முதலாளியும் மாறியிருக்கலாம். பழைய கணக்கை இப்போது ஓட்டுகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீட். வாரத்தில் ஆறு நாள் நாங்கள் வேலைக்குப் போவது லாரியின் பின்புறத்தில். மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் கம்பி, தரையில் ஹெல்மெட்டும் சேஃப்டி பெல்ட்டும் சாப்பாட்டு டப்பாவும், அவற்றுக்கு நடுவே நாங்கள். மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவோம், உள்ளே இருபது ஜோடி பூட்ஸின் வாடை. இங்கே சரக்கு லாரியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி செல்லும். நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை பேசிப்பார்த்துவிட்டார்கள், லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏழாவது நாள் இந்த பஸ்ஸில் ஏறினால் மெத்தை சீட், ஏசி, கண்ணாடி ஜன்னல். முதல் முறை ஏறியபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, வாரம் முழுக்க லாரியில் போன அதே ரோட்டைப் பார்த்தேன். லாரியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தே போவதால், அந்த ரோட்டின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டணம் எம்ஆர்டி ரயிலுக்கு ஆவதுதான், சில்லறை முன்னே பின்னே இருக்கும். துவாஸ் லிங்க் நிலையம் 2017 ஜூனில் திறந்த பிறகு எங்களுக்கும் ரயில் வந்துவிட்டது. டார்மிட்டரியிலிருந்து ஒரு பஸ் பிடித்து நிலையத்துக்குப் போய், பச்சை லைனில் ஊட்ரம் பார்க் வரை உட்கார்ந்து, அங்கே ஊதா லைனுக்கு மாறினால் லிட்டில் இந்தியா நிலையம். நின்று மாறி நடந்து சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இந்த பஸ்ஸில் நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி. இன்னொன்றும் இருக்கிறது. எம்ஆர்டியில் நாம் போய் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவதும் சில சமயம் நடக்கும். எல்லோரும் அப்படியில்லை, ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க ஒருவர் போதும். தேக்கா பஸ்ஸில் அந்தக் கவலை இல்லை. ஏறுகிற எல்லோர் சட்டையும் ஒரே வாளியில் துவைத்ததுதான்.

போகும்போது குறையே கிடையாது. கோயிலுக்குப் போகிறவன் வீரமாகாளியம்மனைப் பார்க்கப் போவான், பணம் அனுப்புகிறவன் அனுப்புவான், முஸ்தபா கடையில் ஒன்றும் வாங்காமல் சுற்றுகிறவன் சுற்றுவான். எல்லோரும் குளித்துப் பவுடர் போட்டு ஏறுவதால் பஸ்ஸே மணக்கும். கதை எல்லாம் திரும்பி வரும்போதுதான். இந்தச் சேவையின் தரம் பஸ்ஸுக்குள் இல்லை, பஸ்ஸுக்கு வெளியே தேக்கா லேனில் நிற்கிற வரிசையில் இருக்கிறது. அதனால் வரிசைக்குத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் வந்த புதிதில் அதை வரிசை என்று சொல்ல முடியாது. திடல் மாதிரி ஓர் இடம், மங்கலான வெளிச்சம், எங்கே எந்த டார்மிட்டரி பஸ் நிற்கும் என்பது பழகியவனுக்குத்தான் தெரியும். பஸ் திரும்பும்போதே ஓட்டம். கையில் அரிசிப் பை, தோளில் சிப்பம், ஓடுகிற வேகத்தில் செருப்பு அறுந்தவர்களை எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஆள் எண்ணி ஏற்ற ஒரு டைம்கீப்பர் இருப்பார். விசில், கையில் ஒரு அட்டை. நாற்பது சீட் என்றால் நாற்பது பேர், நின்றுகொண்டு வர அனுமதியில்லை. நாற்பத்தியோராவது ஆளை இறக்கிவிடுவது அவர் வேலை. அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். எப்படி இறக்கினார் என்பதுதான் பேச்சு.

2012 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்ப இரண்டு புடவையும் தங்கச்சி மகனுக்கு ஒரு சட்டையும் வாங்கி வைத்திருந்தேன். ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கிறது என்று டைம்கீப்பர் உள்ளே வந்தார். யார் கடைசியாக ஏறியது என்று கேட்கவில்லை. முன்சீட்டில் இருந்தது நான், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வாயில் வந்த வார்த்தை ஆங்கிலம், அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது, தொனி தெரிந்தது. இறங்கினேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் இருந்தான், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. இரண்டு பீர் உள்ளே போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கு ஒரு வருடம் கழித்து, 2013 டிசம்பர் 8. அதுவும் ஞாயிறு. திங்கள் காலை சீக்கிரம் ஷிஃப்ட் என்பதால் நான் எட்டு மணி பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். இரவு சுமார் 9.20க்கு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கிற இடத்தில், எங்களைப் போலவே டார்மிட்டரிக்குத் திரும்ப வந்த ஒருவர் பஸ் சக்கரத்தில் சிக்கி இறந்தார். 33 வயது, புதுக்கோட்டை மாவட்டம். குடித்திருந்தார், ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கச் சொன்னார்கள், இறங்கினார், கிளம்பிய பஸ்ஸை ஒட்டியே நடந்துபோய்த் தடுமாறி விழுந்தார் என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, மீட்புக்காரர்கள் வந்தார்கள். கூட்டத்தின் கண்ணுக்குப் பட்டது வேறு: கீழே கிடக்கிறவரை விட்டுவிட்டு டிரைவரையும் டைம்கீப்பரையும் பத்திரமாகக் கூட்டிப்போகிறார்கள். அப்புறம் கல், பாட்டில், தீ. ஓர் ஆம்புலன்ஸ் உட்பட ஐந்து வண்டிகள் எரிந்தன. சுமார் முந்நூறு பேர் அதில் இறங்கினார்கள் என்பது கணக்கு. நள்ளிரவுக்குள் அடக்கிவிட்டார்கள். போலீஸ் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் பஸ் எரிந்த இடங்களில் முடிவு எப்படி இருந்தது என்று தெரிந்தவன் நான்.

1969க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் கலவரம் என்றார்கள். எனக்கு அது போனில்தான் நடந்தது. பக்கத்துக் கட்டில் அண்ணன் காட்டிய வீடியோவில் எரிகிற வெளிச்சத்தில் தெரிந்தது நான் வாராவாரம் செருப்பைக் கையில் பிடித்து ஓடுகிற அதே இடம். அதே வீடியோவில் பஸ்ஸை அடிக்கிறவர்களைத் தடுத்து நின்ற ஓரிருவரும் எங்கள் ஆட்கள்தான், அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. திங்கட்கிழமை லாரியில் யாரும் பேசவே இல்லை. போனில் தேக்காவில் எடுத்த படத்தை எல்லாம் அழித்தோம். கோயில் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைக்கூட ஒருவன் அழித்தான். ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்தார்கள், 25 பேர் மேல் வழக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி வந்தவனுக்கு ஊருக்கு அனுப்புவது என்றால் என்ன என்று பட்டுக்கோட்டையில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் 15, இந்த பஸ் ஓடவில்லை. எங்கள் சேவையின் வரலாற்றிலேயே அது முழு விடுமுறை நாள். தேக்காவில் மதுவும் கிடையாது. பிறகு பஸ் திரும்பி வந்தபோது எண்ணிக்கை குறைந்திருந்தது, முன்பு பதினொரு மணி வரை ஓடியது ஒன்பது மணிக்கே முடிந்தது. இரண்டு மணி நேரம்தானே என்று தோன்றும். ஞாயிறு பாதி நாள் ஓவர்டைம் முடித்து, துவைத்து, குளித்து, மூன்று மணிக்குக் கிளம்பி நாலு மணிக்குத் தேக்காவில் இறங்குகிறவனுக்கு, வாரத்தில் இருப்பதே ஏழு மணி நேரம். அதில் இரண்டு போனால் மிச்சம் என்ன?

2014இல் வரிசைக்குள் இன்னொருவர் வந்து சேர்ந்தார்: மாத்தா. இங்கே போலீஸுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர், மலாய்ச் சொல். துணைப் போலீஸ்காரர்கள் முன்பும் நின்றார்கள், குப்பை போட்டால், ரோட்டைத் தாண்டினால் பிடிப்பார்கள். இப்போது தனிச் சட்டம் வந்து, பையில் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஒரு ஞாயிறு இரவு எட்டரை மணி. என் பையில் நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று. வெயிலுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்க வாங்கியது. நிறம் உங்களுக்குத் தெரியும், விஸ்கியே தோற்றுப்போகும். சீருடையில் இருந்த இளைஞர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாட் திஸ்?" என்றார்.

"சர்பத் சார்."

மூடியைத் திறந்து மோந்தார். முகம் மாறியது. இன்னொரு முறை மோந்தார். "சிராப்?" என்றார். அவர் மலாய்க்காரர், அவர்கள் வீட்டில் ரோஸ் நிறத்தில் கலக்குவதற்கு அந்தப் பெயர். "ஆமாம் சார், சிராப், சிராப்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். மூடியைத் திருகிக் கையில் கொடுத்து, "சாரி பிரதர்" என்றார். அந்தச் சிரிப்புக்கு நடுவே என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்ற நேரம் முழுக்க எனக்கு ஒரு யோசனை. அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் முஸ்தபா வாசலில் பெரிய பைகளோடு டாக்சிக்கு நின்ற யாரையும் அன்றைக்கு ஒருவரும் மோந்து பார்க்கவில்லை.

2015 ஏப்ரல் 1 முதல் மதுச் சட்டம் நிரந்தரமாகிவிட்டது. சிங்கப்பூர் முழுக்க இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்காவிலும், கேலாங் என்கிற இன்னொரு வட்டாரத்திலும் இன்னும் கடுமை. தேக்காவில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் கூடாது, கடைகள் ஏழு மணிக்கு மேல் பாட்டில் விற்கவும் கூடாது. குடி குறைந்தது உண்மை. பஸ்ஸில் வாந்தி நாற்றம் குறைந்தது, அது இந்த மதிப்பீட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். 2013க்கு முன்பு கடைசி பஸ்ஸில் பின்சீட்டில் உட்காரத் தைரியம் வேண்டும்.

கலவரத்தை விசாரித்த குழுவைப் பற்றிக் கொஞ்சம். உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் நாலு பேர். 2014 பிப்ரவரி, மார்ச்சில் வெளிப்படையாக விசாரித்தார்கள், ஜூன் கடைசியில் அறிக்கை வந்தது. விபத்து பொறி, கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது, மது எண்ணெய் ஊற்றியது என்பது சாரம். வேலை, சம்பளம், தங்குமிடம் பற்றிய குமுறல் காரணமில்லை என்றார்கள். போலீஸ் ஆரம்பத்தில் நடந்துகொண்ட விதத்தையும் குழு விட்டுவைக்கவில்லை. அப்போதைய போலீஸ் கமிஷனர் குழுவின் முன்னால் வந்து, தேக்காவைவிட கேலாங்தான் தனக்குக் கவலை, இன்னும் ஆயிரம் பேர் வேண்டும் என்றார். டீக்கடையில் அதைப் படித்தபோது பக்கத்தில் இருந்த திருவாரூர் அண்ணன், "அவருக்கே ஆள் பத்தலையாம், நம்ம சூப்பர்வைசர் மாதிரி" என்றார்.

அறிக்கையை மறுத்துப் பேச எனக்குப் படிப்பு இல்லை. சம்பளத்துக்காக யாரும் ஆம்புலன்ஸைக் கொளுத்தவில்லை, அது சரி. தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதும் சரி. ஆனால் புரிகிற மாதிரி யார் சொன்னார்கள் என்று நான் கேட்பேன். அந்த மனிதர் இறந்துவிட்டார், அதனால்தான் உயிரோடு இருப்பவர்களை முதலில் அப்புறப்படுத்துகிறோம் என்று ஒலிபெருக்கியில் தமிழில் நாலு வாக்கியம் சொல்லியிருந்தால்? எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கையில் பாட்டில் இருந்தவன் கேட்டிருக்க மாட்டான். அவனுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றும். அந்த வரிசையில் நாங்கள் பழகியது அப்படி: விசில் ஊதுவார்கள், கையைக் காட்டுவார்கள், இழுப்பார்கள், சொல்ல மாட்டார்கள். சொல்லாத இடத்தில் ஆள் தானாக ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வான்.

ஒரு வேடிக்கை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருப்பது அதே ஹேம்ப்ஷியர் ரோட்டில். எங்கள் பஸ் வரிசையிலிருந்து கூப்பிடு தூரம்.

அங்கே குடியிருக்கிறவர்கள் பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனில்லை. பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்குகளில் கீழ்த்தளத்தில் நாங்கள் படுத்துக் கிடந்திருக்கிறோம். மறைவில் ஒதுங்கியிருக்கிறோம். கழிப்பறை போதாது என்பது காரணம், ஆனால் அந்த நாற்றத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிற பாட்டிக்குக் காரணம் எதற்கு? ஒரு ஞாயிறு மாலை சீனப் பாட்டி ஒருவர் காய்கறிப் பையோடு எங்கள் கூட்டத்துக்கு நடுவே வழி கிடைக்காமல் நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, யாரும் நகரவும் இல்லை. எங்களுக்கு அவர் நிற்பதே தெரியவில்லை. 2016இல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் இப்படிக் கூடுகிற கூட்டத்தை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கிற குண்டோடு ஒப்பிட்டுப் பேசி, பிறகு அந்தச் சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டார். செய்தியைப் படித்தபோது சுருக்கென்றது. அந்தப் பாட்டியும் ஞாபகத்துக்கு வந்தார்.

இனி இப்போதைய நிலவரம். தேக்கா லேனில் இன்றைக்கு வரிசை என்றால் வரிசை. தடுப்புக் கம்பி, வெளிச்சம், ஒவ்வொரு டார்மிட்டரிக்கும் தனி இடம். ஓட வேண்டியதில்லை, செருப்பு பிழைத்தது. கலவரம் நடந்ததால் கிடைத்த வசதி என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் அதற்கு முன்னால் கிடைக்கவில்லை என்பதும் நிஜம்.

எங்கள் வரிசைக்கு இப்போது டைம்கீப்பராக ஒரு சீன ஆன்ட்டி வருகிறார். அறுபது வயது இருக்கும், தலையில் தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு. விசிலை வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு பையன் அவருக்கு "நவுரு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். "நவுரு, நவுரு, உள்ளே நவுரு" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே எண்ணுவார். அதில் மரியாதை கொஞ்சம் கம்மி என்று அவருக்குத் தெரியாது, யாரும் திருத்தவும் இல்லை, திருத்தினால் அழகு போய்விடும். பஸ் நிறைந்தால் கையை நீட்டி மறித்து, "ஃபுல். நெக்ஸ்ட் பஸ், பதினைஞ்சு மினிட்" என்பார். நாற்பத்தியோராவது ஆள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பான். அவனை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன், சில வாரம் அது நானே. பதினைந்து நிமிடம் என்று தெரிந்துவிட்டால் ஒருவன் வீட்டுக்குப் போன் போடுவான், ஒருவன் பொட்டலத்தைப் பிரிப்பான். மூன்று மதிப்பெண்ணில் ஒன்று இந்த ஆன்ட்டிக்கு. அவர் விடுமுறையில் போனால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாவையும் தாண்டிப் போக முடியாது. 2020 ஏப்ரலில் டார்மிட்டரிக் கதவை மூடினார்கள். அப்புறம் வேலைக்கு விட்டார்கள், ஊருக்குள் விடவில்லை. 2021 செப்டம்பரில் பரீட்சார்த்தமாக வாரத்துக்கு ஐந்நூறு பேரை ஆறு மணி நேரம் வெளியே விட்டபோது, அழைத்துப்போன இடங்களில் ஒன்று தேக்கா. அந்த ஐந்நூறில் நான் இல்லை. 2022 ஜூனில் மற்ற இடங்களுக்கு அனுமதி வேண்டாம் என்றான பிறகும், ஞாயிறும் பொது விடுமுறையும் தேக்கா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் நான்குக்கும் அனுமதி எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு எண்பதாயிரம் பேர் வரை என்று வைத்தார்கள். எண்பதாயிரம் தாராளம்தான், எனக்குக் கிடைக்காமல் போனதில்லை. இருந்தாலும் சனிக்கிழமை இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகப் போனில் பட்டனைத் தட்டும்போது ஒரு மாதிரி இருந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை.

டார்மிட்டரிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். கிரிக்கெட் ஆடலாம், கடை உண்டு, பணம் அனுப்பலாம், சில நாள் படம் போடுவார்கள். தேக்காவில் கூட்டம் சேராமல் இருக்க வெளியே வசதிகள் செய்யுங்கள் என்று விசாரணைக் குழுவும் சொல்லியிருந்தது. நல்ல மையங்கள்தான், நானே போயிருக்கிறேன். ஆனால் அங்கே முல்லைப்பூ வாசம் இல்லை. வேறு கம்பெனியில் இருக்கும் மச்சானைப் பார்க்க முடியாது. முடிவெட்டிக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்து மன்னார்குடிக்காரரிடம் ஊர்க்கதை கேட்க முடியாது. துவாஸிலேயே இருந்துகொள் என்றால், வாரத்தில் ஆறு நாள் அங்கேதானே இருக்கிறேன்.

மீதி இரண்டு மதிப்பெண் எங்கே போனது? அறிவிப்புப் பலகையில் நேரம் இருக்கிறது, பஸ் அதைப் படித்ததில்லை. மழை பெய்தால் துவாஸ் பக்கம் ஏறும் இடத்தில் ஒதுங்கக் கூரை கிடையாது. போகிற வழியில் ஏசியை உறைகிற அளவுக்கு வைப்பார்கள், குறைக்கச் சொன்னால் டிரைவர் கண்ணாடியில் நம்மைப் பார்ப்பார், அவ்வளவுதான். புகார் சொல்ல ஒரு நம்பர் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை போட்டேன். ஒரு முறை ஆங்கிலத்தில் பதிவு செய்த குரல், ஒரு முறை சீனத்தில் உண்மையான மனிதர். தமிழ் தெரிந்த ஓர் ஆளை ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் போனில் உட்கார வைத்தால் அரை மதிப்பெண் உடனே தருவேன். இன்னொரு அரையை மழைக்கூரை கட்டியதும்.

புதிதாக வந்த தம்பிகளுக்கு: எங்கள் வழியில் ஏழு மணிக்குமேல் வரிசை நீளும், ஆறரைக்கே போய் நின்றுவிடுங்கள். ஜன்னல் சீட் வேண்டுமானால் இடது பக்கம், வலது பக்கம் ஏசிக்காற்று நேராகத் தலையில் அடிக்கும். வொர்க் பெர்மிட்டைச் சட்டைப்பையிலேயே வையுங்கள், பைக்கு அடியில் வைத்துவிட்டு மாத்தா கேட்கும்போது கிண்டாதீர்கள். ஆன்ட்டிக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். நன்னாரி சர்பத் வாங்கினால் கடைக்காரரிடம் சொல்லி ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.